மேர்லின் ஏறிய நெல்லடுக்கு

தன்னாமுனை ஊர்க்காரி மேர்லினும் கிரான் ஊர்க்காரனான நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நாங்கள்தான் முதல் பட்டதாரிகள். இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை.

பட்டம் முடித்த மேர்லின், ஏறாவூரில் முனாப் ஹாஜியாரின் அரிசி ஆலையில் கணக்கு எழுதினாள். அவளுடைய அப்பா பஸ்தியாம்பிள்ளை அங்கேதான் இருபது வருசமாக மூட்டை அடுக்குகிறார். கணக்காளராக வேண்டுமென்றால் அடுத்து சீமா, சீஏ என்ற இரண்டு தொழிற்படிப்புகளில் எதை எடுப்பது என்று அவள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. சீமாவை ஆலை வேலையோடு வீட்டிலிருந்தே படிக்கலாம். சீஏக்கு ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் மூன்று வருசப் பயிற்சி வேண்டும். இடம் கிடைத்தது கொழும்பில். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"சீமாவை எடு கா," என்றேன், பட்டம் முடித்துவிட்டு ஊரில் வயல் செய்துகொண்டிருந்த நான். "கொழும்புக்குப் போய் ஊரான்ட மூட்டையை எண்ணப்போறியா?"

"நீ உன்ட பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிப்போட்டு வட்டையில நிண்டு புல்லுப் பிடுங்கு."

அந்த வெள்ளிக்கிழமை ஆலைக்குக் கணக்காய்வாளர் வந்தார். நெல்லடுக்கின் முன்னால் நின்று நீளம், அகலம், உயரம் மூன்றையும் எண்ணிப் பெருக்கினார். மேர்லினின் புத்தகத்தில் இருந்ததைவிட இருபத்துநாலு மூட்டை கூட வந்தது.

"உங்கட புத்தகம் பிழை, மிஸ்."

"கூட இருந்தா நல்லதுதானே மகள், விடு," என்றார் ஹாஜியார்.

மேர்லின் விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்கின் மேல் ஏறினாள். கணக்காய்வாளரையும் ஏறச் சொன்னாள். உச்சியில் நடுவே கிணறுபோல ஒரு வெற்றிடம், அடிவரைக்கும். நெல் புழுங்காமல் காற்றுப் போகவென்று அவளுடைய அப்பா ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு மூட்டை இடம் விடுவார். உயரத்துக்குப் பன்னிரண்டு வரிசை.

கணக்காய்வாளர் தன் தாளில் எழுதியதை வெட்டினார்.

பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாள். "புத்தகம் சரியெண்டு எனக்கு முதலே தெரியும். ஆனா மேல ஏறிப் பாத்த நேரம் வந்த சந்தோசம், எழுதக்குள்ள ஒருநாளும் வந்ததில்ல. நான் சீஏக்குப் போறன்."

"அப்பா என்ன சொல்றார்?"

"கொழும்பில உனக்கு ஆர் இருக்காங்க எண்டு கேட்டார். மறுகா அவரே பேக்கை எடுத்துத் துடைக்கிறார்."

திங்கட்கிழமை விசயத்தைச் சொன்னபோது ஹாஜியார் சிரித்தாராம். "போயிட்டு வா மகள். ஆனா என்ட மில்லுக்கு ஒடிற் எண்டு கணக்குப் பாக்க மட்டும் நீ வந்திராத."

இப்போது அவளுக்கு இரண்டாம் வருசம். எந்தக் களஞ்சியத்துக்குள் போனாலும் முதலில் ஏணி இருக்கிறதா என்றுதான் கேட்கிறாளாம்.