எல்லோரும் குடிக்கச் சொன்ன வாரம்

தெஹியோவிட்டப் பக்கம் றப்பர் மலையில் பால் வெட்டும் பெண்கள் நாங்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. மலையில் ஒதுங்க இடமில்லை. புதருக்குள் உட்கார்ந்தால் அட்டை ஏறும். வேலை முடியும்வரை அடக்கிக்கொள்வதுதான் வழக்கம். ஆகவே, மூன்றரை மாதக் கர்ப்பத்தில் எனக்குச் சிறுநீர் அடைத்தபோது, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது: அடக்கி வைத்த சூடு.

மாமியார் செவ்விளநீர் வெட்டினார். பக்கத்து வீட்டு அக்கா பார்லி காய்ச்சி வந்தார்.

"குடி புள்ள. கழுவிக்கிட்டு போயிரும்."

குடித்தேன். அடிவயிறு கல்லானது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். துணி நனையும், பாரம் இறங்காது.

தோட்டத்து மருந்தகத்து ஐயாவிடம் போனேன்.

"வருதா, இல்லையா?"

"சொட்டுதுங்க ஐயா."

"அப்ப வருதுதானே! நல்லா தண்ணி குடிங்க."

மாத்திரையோடு திரும்பினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். அதே கேள்வி, அதே மாத்திரை. சொட்டுவதும் போவதும் ஒன்றல்ல என்பதை அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது? வீட்டில் அதைவிட மோசம். உப்பிய வயிற்றைத் தடவிப் பார்த்து மாமியார் பூரித்துப்போனார்.

"இந்த மாசத்துலயே இவ்வளவு பெருசா? ரெட்டைதான்டி!"

"அத்தை, வலிக்குது."

"ரெட்டைன்னா வலிக்காதா?"

ஐந்தாம் நாள் லயத்துக்கு வந்த மிட்வைஃப் மிஸ் வயிற்றில் கை வைத்தார். முகம் மாறியது. "இது புள்ள இல்ல, மூத்திரப்பை! யாரு இவ்வளவு குடிக்கக் கொடுத்தது?" த்ரீவீலரில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார்.

அங்கே குழாய் போட்டார்கள். குழாயில் மாட்டிய பை நிறைந்தது, மாற்றினார்கள், அதுவும் நிறைந்தது. வயிறு தட்டையாவதைப் பார்த்து, பின்னாலேயே பஸ்ஸில் வந்திருந்த மாமியார் அலறினார்: "ஐயோ, ரெட்டையில ஒன்னு போச்சே!"

டொக்டர் ஒரு தாளில் படம் வரைந்து சிங்களத்தில் விளக்கினார். என் கருப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தது. சிலருக்கு அப்படி இருக்குமாம், வளரும்போது தானாக நிமிர்ந்துவிடுமாம். என்னுடையது நிமிராமல் இடுப்பெலும்புக்குள் சிக்கி, சிறுநீர் வழியை நெரித்துவிட்டது. இப்படி நடப்பது மிக அபூர்வம், விட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்றார். அடக்கியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

முழங்காலிட்டு, நெஞ்சைக் கட்டிலில் பதித்து, இடுப்பைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். கருப்பை அசையவில்லை. பிறகு டொக்டர் கையால் தள்ளினார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ வழுக்கி மேலேறியது. ஸ்கேனில் பிள்ளையின் நெஞ்சு துடிப்பதைக் காட்டினார்கள். ஒன்றுதான்.

குழாயைக் கழற்றிய மறுநாள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் மாமியார், கையில் வெட்டிய இளநீர்.

"பாத்தியா? நான் குடிக்கக் கொடுத்ததாலதான் சூடு எறங்குச்சு."

வாங்கிக் குடித்துவிட்டு நேரே கக்கூசுக்குப் போனேன். சொட்டாமல் கொட்டிய சத்தம் அவருக்கும் நன்றாகவே கேட்டிருக்கும்.