கிடை போட்ட சதுரம்

தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்கு நீர்வடிப்பகுதித் திட்டம் வந்தது. மேட்டில் விழுகிற மழை எந்த வழியாக ஓடிக் கண்மாய்க்கு வருகிறது என்று காட்டிலேயே நடந்து படிக்க வேண்டும். பொம்பளைகள்தான் வேண்டும் என்று என் மனைவியைச் சேர்த்துக்கொண்டார்கள். என்னைக் கேட்கவில்லை. நான் செம்மறி மேய்க்கிறவன். படிப்பு மூன்றாவதோடு சரி. அவளும் ஐந்தாவதுதான்.

அந்த மேடு நான் தினமும் ஆடு ஓட்டிப் போகிற புறம்போக்கு. திருச்சுழி ரோட்டை விட்டு உள்ளே, செவல் மண். அதில் அவள் மதுரையிலிருந்து வந்த டீச்சரம்மாவோடும் மற்ற பெண்களோடும் நடந்தாள். நான் ஆட்டோடு தள்ளி நின்று பார்த்தேன். என் மேட்டில் நான் பார்க்காத எதையோ அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு. ஒருநாள் வாசலில் மண்ணைக் குவித்துச் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். குவியலின் முதுகில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் நம்ம கண்மாய்க்கு, அந்தப் பக்கம் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு என்றாள். இரண்டு பக்கமும் ஓடும் என்பது எனக்கும் தெரியும். எந்த இடத்தில் பிரிகிறது என்று நின்று பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் சோறு போடச் சொன்னேன்.

டீக்கடையில் மச்சான், அவளுக்கு அண்ணன், விடமாட்டார்.

"என்ன மாப்ள, எங்க தங்கச்சி மேட்டுல படிக்குதாம்ல. ஆட்டுக்கும் ஒரு சிலேட்டு வாங்கிக் குடுங்க."

கடையே சிரித்தது. நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஆடியில் மேட்டில் ஆளுக்கொரு சதுரம் அளந்து கொடுத்தார்கள். சுற்றி முள் வெட்டி அடைத்து, ஆடு நுழையாமல் காக்க வேண்டும். மழைக்குப் பிறகு உள்ளே என்ன முளைக்கிறது, வெளியே என்ன முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். அவளுக்கு வந்தது மொட்டைச் சரிவு. மேட்டின் மறுபக்கத்தில் நானும் அதே அளவுக்கு ஒன்று பிடித்தேன். யாரும் சொல்லவில்லை. அவள் சதுரத்தைவிட என்னுடையதில் புல் தூக்கலாக நிற்க வேண்டும். டீச்சரம்மா அதைப் பார்த்து யாருடையது என்று கேட்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பக்கம் கரிசல் காட்டில் கிடை போடச் சொல்லி வீடு தேடி வருவார்கள். ராத்திரி ஆட்டை அடைத்த இடத்தில் கம்பும் பருத்தியும் தனிப் பச்சையாகத் தெரியும். அதனால் முள் வைப்பதற்கு முன் என் சதுரத்தில் சில ராத்திரி கிடை போட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. புல் எழும்பியதும், பெய்கிற மழையிலேயே போய்ப் பார்க்க வேண்டுமாம். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். வெறும் மண்ணில் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடியதாம். அவள் சதுரத்தைத் தாண்டி வந்தது தெளிந்து வந்ததாம். ஈரத் தலையைத் துவட்டாமல் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் வேறு எதையும் அப்படி ஓடிவந்து சொன்னதில்லை.

என் சதுரமும் தூரத்திலிருந்து பச்சையாகத்தான் தெரிந்தது. மழை விட்டதும் முள்ளை விலக்கி உள்ளே போனேன். புல் இல்லை. சீமைக்கருவேல். தரை தெரியாமல் கன்று.

அப்போதே டீச்சரம்மாவும் பெண்களும் மேடேறி வந்துவிட்டார்கள்.

"இது யாரோடது?" என்றார் டீச்சரம்மா.

"என்னுது" என்றேன்.

ஏன் இங்கே இது மட்டும் முளைத்தது என்று அடுத்துக் கேட்டார். என் மனைவி குத்தவைத்து, ஊறிக்கிடந்த ஒரு புழுக்கையை நசுக்கினாள். உள்ளே சீமைக்கருவேல விதை.

"கோடையெல்லாம் கருவ நெத்து தின்ன ஆடு. அதக் கிடை போட்டுருக்காக. உழுகுற காடுன்னா ஏரு அழிச்சிரும். மேட்டுல ஏரு ஏது? இத விட்டா மேடு முச்சூடும் கருவையாயிரும். புல்லுக்கு எடமிருக்காது."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தினமும் புழுக்கையை மிதிக்கிறவன் நான். அவளுக்கு ஒரு விநாடி போதுமாயிருந்தது.

டீச்சரம்மா என்னையும் வகுப்புக்கு வரச் சொன்னார். அதுவும் அவள் பேசி முடித்த பிறகுதான் சொன்னார். போனேன். முதல் நாள் அவளுக்குப் பின்னால் நடந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"முன்னாடி போங்க. ஒங்களுக்குத் தெரியாத மேடா?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. முன்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் ஆடு வாய் வைக்காத புல் ஒன்று கதிர் விட்டு நின்றது. ஆடு தின்னாததற்கு நான் பேர் வைத்துக்கொண்டதில்லை. அவள் வருகிறவரை அங்கேயே நின்றேன்.