சத்தம் போடாத பெட்டி

முதலில் காதைத்தான் வைப்பார். கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்கள் திரையைப் பார்ப்பார்கள், விலைச்சீட்டைப் பார்ப்பார்கள். எங்கள் எடிட்டரம்மா மேசைக்கு அடியில் குனிந்து, பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். கடைக்காரர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் ஒரு விரல் உயரும். பிறகு எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்வார்: "இது மூச்சு வாங்குது. அடுத்ததக் காட்டுங்க."

இப்படிக் கடை கடையாக ஏறி இறங்கினோம். என்னிடம் கார் இருக்கிறது, நான் பக்கத்து வீட்டுக்காரன். இந்த இரண்டு குற்றங்களுக்காக நானும் கூடவே அலைந்தேன்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்கிக் கொடுப்பது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. அதற்கும் என் படிக்கிற அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை வெட்டி வெட்டிக் கை பழகிவிட்டது. நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய இடது கட்டைவிரல் மேசை விளிம்பைத் தட்டத் தொடங்கினால், கதை நீள்கிறது என்று பொருள். "நீங்க சொன்னதுல முதல் பாதிய எடுத்துடலாம் சார். கதை கெடாது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லுவார். அவருடைய கணவர் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எப்படி இருந்தாரோ தெரியாது.

என் மகளின் கல்யாண வீடியோவும் அவர் கைவண்ணம்தான். எல்லாரையும்போல முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பியிருப்பார் என்று நினைத்துத்தான் பார்க்க உட்கார்ந்தேன். மகள் காரில் ஏறும் இடத்தில் பாட்டு சட்டென்று நின்றது. யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம். அதற்குப் பின்னால், "கதவ நல்லா சாத்திக்கோம்மா" என்று என் குரல். நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். மறுநாள் போய்ச் சொன்னபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாட்டு யார் வேணா போடலாம் சார். இந்த மாதிரி முணுமுணுப்பு தேடுனாத்தான் கிடைக்கும்."

தேடுவதற்கு நிசப்தம் வேண்டும். அவரிடம் இருந்த பழைய பெட்டியோ, பொத்தானை அமுக்கியதும் உறும ஆரம்பித்துவிடும். பக்கத் தகடு தளர்ந்து கடகடவென்று ஆடும். தகட்டின் இடுக்கில் ஓர் அட்டைத் துண்டை மடித்துச் செருகி வைத்திருந்தார். கடகடப்பு பாதி குறைந்தது, உறுமல் குறையவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நானும் அதை அனுபவித்து வந்தேன். போதாக்குறைக்கு, இப்போது வரும் கேமராக்களின் படங்கள் அதற்குத் தாங்கவில்லை. ஒரு காட்சியைத் தள்ளிவிட்டு அடுத்த காட்சி வருவதற்குள் டீ ஆறிவிடும். புதிது வாங்கியே தீரவேண்டும் என்று ஆயிற்று.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்தப் பெட்டியில் இன்னொருவரும் வேலை பார்க்கிறார். எடிட்டரம்மாவின் மாமனார்.

காலமெல்லாம் லாரி ஓட்டியவர். இடுப்பு எலும்பு தேய்ந்து, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். யார் பேசினாலும் 'உம்' மட்டும்தான். ஏதோ ஒரு நாள் மருமகள் தன் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு, மேசையில் மாட்டும் ஸ்டியரிங்கும் கீழே வைக்கும் பெடலும் வாங்கி வந்து உட்கார வைத்தார். அன்றிலிருந்து சாயங்காலம் அவர் முறை. ஆளில்லாத சாலையில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்பார். இண்டிகேட்டர் போடாமல் திரும்ப மாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வண்டியை ஓரம்கட்ட இடம் தேடுவார். "நடு ரோட்டுல நிறுத்திட்டு எப்படிம்மா வர்றது? பின்னாடி வர்றவன் என்ன செய்வான்?" பின்னாடி யாரும் வரவில்லை என்று சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. குழம்பைத் திரும்பச் சூடு பண்ணுவார்கள்.

இருக்கிற காசுக்கு ஒரு பெட்டிதான் வாங்க முடியும். வேலைக்கு என்று விற்கிற பெட்டி அமைதியாக இருந்தது, அதில் லாரி திணறியது. கேமுக்கு என்று விற்கிற பெட்டியில் லாரி பறந்தது, பெட்டியோ அலறியது. காரில் வரும்போது முன் சீட்டில் இருந்த எடிட்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார். "இதுல லாரி சரியா ஓடலேன்னா மாமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு சார். பேசாம போய்ப் படுத்துக்குவாரு. அந்த ஒரு வருஷத்த இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது." பின் சீட்டில் மாமனார் ஜன்னல் வழியாகப் போகிற வருகிற லாரிகளின் டயர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக நுழைந்த கடையில், உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் ஒரு பெட்டியைக் கடைக்காரர் பெருமையோடு காட்டினார்.

"இது என்ன தம்பி, கம்ப்யூட்டரா, சர்க்கஸ் கூடாரமா?"

"விளக்க அணைச்சுக்கலாம்கா. உங்களுக்கு வேலைக்கா, கேமுக்கா?"

"வேலைக்குத்தான். வேலை முடிஞ்சதும் லாரி ஓடணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அதே பெட்டியில், மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள் இருந்தன. குனிந்து காதை வைத்த எடிட்டரம்மா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தன் பென்டிரைவில் கொண்டுவந்திருந்த கனமான காட்சிகளை ஓடவிட்டார், வழுக்கிக்கொண்டு போயின. பிறகு மாமனாரைத் தேடினார். அவர் வாசல் பக்கம் நின்று, தனக்குத் தேவையே இல்லாத மவுஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

"எனக்காகப் பாக்காதம்மா. உன் பொழப்புக்கு எது சரியோ அத வாங்கு."

"பொழப்புக்குத்தான் மாமா. நீங்க ஓட்டுனாத்தான் சூடு தாங்குதா இல்லையான்னு தெரியும்."

மருமகளின் தொழில் சம்பந்தப்பட்டது என்றதும் அவர் தட்டவில்லை. நாங்கள் காரில் கொண்டுவந்திருந்த ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, மழை பெய்யும் மலைப்பாதை ஒன்றில் இறங்கினார். கண்ணாடியில் துளிகள் தனித்தனியாக வழிந்தன. கடையில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். பெட்டி மூச்சுவிடவில்லை. அன்றே வாங்கிவிட்டோம்.

அடுத்த நாளிலிருந்து என் அறைச் சுவர் ஊமையாகிவிட்டது. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எடிட்டரம்மாவும் பாதி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு வாசலில் நின்று போவோர் வருவோர் கதைகளை வெட்டிக்கொண்டிருந்தார். ஆனால் மாமனார் சாயங்காலம் உட்கார்ந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம் ஓட்டுவார், வண்டியை ஒழுங்காக ஓரம்கட்டுவார், எழுந்துபோய்ப் படுத்துவிடுவார். "படம் சரியில்லையா மாமா?" "அருமையா இருக்கும்மா." "ஸ்பீக்கர் சத்தம் கூட்டவா?" "நல்லாத்தான் கேக்குது." அந்த 'நல்லாத்தான்' எடிட்டரம்மாவின் காதுக்குச் சரியாகப் படவில்லை.

தப்பான பெட்டியை வாங்கிவிட்டோமோ என்று கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் வந்து நோண்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். மாமனாரையே ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பெரியவர் ஓட்டினார். நானும் அங்கேதான் நின்றேன், எல்லாரும் திரையைப் பார்த்தோம். எடிட்டரம்மா மட்டும் மேசைக்கு அடியில் பார்த்தார். பெடலில் வலது கால் இருந்தது. சும்மா இருந்த இடது கால் அடிக்கடி பக்கவாட்டில் நகர்ந்து, எதையோ துழாவி, வெறும் தரையில் பட்டுத் திரும்பி வந்தது. முன்பு பழைய பெட்டி நின்ற இடம் அது. இத்தனை நாளும் அதன்மேல் காலைச் சாய்த்து, அந்த உறுமலையே இன்ஜினாக்கித்தான் அவர் வண்டி ஓட்டியிருக்கிறார்.

கடைக்காரர் புறப்படும்போது, "அப்ப அந்தப் பழசை நான் எடுத்துட்டுப் போறேன்கா" என்றார்.

"அது குடுக்கறதுக்கு இல்ல தம்பி" என்று வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

பிறகு நான் பிடித்துக்கொண்ட நாற்காலியில் எடிட்டரம்மா ஏறி, அலமாரி மேலிருந்து போர்வைக்குள் கிடந்த பழைய பெட்டியை இறக்கினார். மேசைக்கு அடியில் மாமனாரின் இடது கால் பக்கம் வைத்தார். திரைக்கு ஒரு வயரும் கொடுக்கவில்லை, மின்சாரம் மட்டும்தான். பொத்தானை அமுக்கினார். அது தன் பழைய குரலில் உறுமியது. பெரியவர் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. கால் தானாகப் போய் அதில் சாய்ந்தது. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, லாரியைச் சாலைக்கு ஏற்றினார்.

எடிட்டரம்மா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். அவருக்கு இன்னும் திருப்தியில்லை என்பது கட்டைவிரலில் தெரிந்தது. மறுபடி மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டு, பக்கத் தகட்டின் கடகடப்பை அடக்கத் தான் செருகி வைத்திருந்த அட்டையை உருவி எடுத்தார்.