லூகிச்சின் சம்மட்டி

நாற்பத்தேழு டன்! டாங்கி என்ற அந்த இரும்பு மலையை ஓட்டியவர் சவேலி லூகிச். போருக்கு முன் கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய மனுஷர். பொய் சொல்ல வராது என்று பண்ணை முழுக்கப் பெயர். உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று குறைந்தாலும் தானே போய்ச் சொல்லிவிடுவார். டாங்கியின் முன்கவசத்தை முதல் தடவை தொட்டபோது, தேவாலயத்துக்குள் நுழைந்தவர் போலத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஆனால் அந்த மலைக்கு ஒரு சீக்கு. கியர் விழாது. கையால் இழுத்தாலும் சரி, காலால் உதைத்தாலும் சரி, அசைந்து கொடுக்காது. அதனால் ஓட்டுநர்கள் இருக்கைக்குப் பக்கத்தில் சம்மட்டி வைத்திருப்பார்கள். கியர் கம்பியின் தலையில் ஓங்கி ஒன்று போட்டால்தான் வழிக்கு வரும்.

"ஜெர்மன்காரனவிட இவகிட்டதான் எனக்குச் சண்டை அதிகம்" என்பார் லூகிச்.

நாற்பத்தொன்றாம் வருடக் கோடையில், ஆற்று மரப்பாலம் ஒன்றுக்கு முன்னால் டாங்கி காவல் நின்றது. பாலம் அதன் எடையைத் தாங்காது. அக்கரைக்குப் போக வேண்டுமானால் தள்ளியிருந்த ஆழமில்லாத துறையில்தான் இறங்க வேண்டும். பாலத்தின்மேல் காயம்பட்டவர்களின் குதிரை வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

எதிரே இருந்து குண்டு வந்து மோதியது. டங்! காது அடைத்தது, அவ்வளவுதான். அடுத்தது, அதற்கடுத்தது. அம்மாடி, எப்பேர்ப்பட்ட இரும்பு! உள்ளே இருந்த ஐந்து பேரும் உயிரோடுதான் இருக்கிறோமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ரேடியோவில் உத்தரவு வந்தது: உடனே துறைக்குப் பின்வாங்கு.

"லூகிச், வண்டிய எடுங்க!" மேலே பீரங்கிக் கோபுரத்திலிருந்து லெப்டினன்ட் அரெஃபியெவ் கத்தினான். இருபத்திரண்டு வயதுத் தலைவன்.

"பாலத்துல இன்னும் எத்தனை வண்டி, தோழர் லெப்டினன்ட்?"

"பதினொண்ணு. என்ன செய்யச் சொல்றீங்க? உத்தரவ மீறி நின்னா நம்மாளுங்களே நம்மள சுட்டுடுவாங்க!"

லூகிச் சம்மட்டியைக் கையில் எடுத்தார். நகர்ந்தால் அந்தப் பதினொன்றும் பீரங்கி வாயில் நிற்கும். நகராவிட்டால் தன் தலை போகும்.

"கியர் விழமாட்டேங்குது!"

"அடிங்க!"

"அடிச்சிட்டுத்தானே இருக்கேன்! விழுடி, சனியனே!"

சம்மட்டி டங் டங் என்று அலறியது. அரை மணி நேரம் அடித்தார். தோள் கழன்றது, வசவு ஓயவில்லை. கடைசி வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டதாக அரெஃபியெவ் கத்தினான். என்ன ஆச்சரியமோ, அடுத்த அடியிலேயே கியர் விழுந்தது.

அக்கரைக் காட்டில், வழக்கப்படி சாக்கட்டியோடு இறங்கி, கவசத்தில் குண்டு பட்ட வடுக்களை எண்ணினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். அறுபத்தொன்று! ஒன்றுகூட உள்ளே வரவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தும் நம்ப முடியவில்லை. தாமதத்துக்குக் காரணம் கியர் என்று அறிக்கை போனது. அந்தச் சீக்கு ஊரறிந்தது, மேலிடத்தில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

அரெஃபியெவ் மட்டும் சாக்கட்டியோடு உள்ளே இறங்கி, ஓட்டுநர் இருக்கையருகே குனிந்தான். கியர் கம்பியில் புதுக் காயம் ஒன்றே ஒன்று. பக்கத்தில் தரைத் தகடு முழுக்க அம்மைத் தழும்பு போலச் சம்மட்டி வடு.

லூகிச் ஓட்டுநர் வாசல் வழியே எட்டிப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனுஷர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான் தப்பா எண்ணிட்டேன், லூகிச்" என்றான் அவன். மண்டியிட்டு, அந்த வடுக்களைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டான். "அறுபத்திரண்டு."

பிறகு, வேறு யார் கண்ணிலும் படக்கூடாதென்று, அந்த வட்டத்தை மட்டும் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்துவிட்டான்.