பத்து விரலோடு போனாள்

பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. போனில் நேசபாயின் மருமகள் அழுதாள். விடிந்ததும் தானே எழுந்து கழிப்பறைக்கு நடந்து போய்விட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். மாரடைப்பு. உங்களில் பலருக்கு நேசபாய் கணக்கு டீச்சர். எனக்கு, கொட்டாரம் பக்கத்துப் பள்ளியில் ஒரே மேசையைப் பங்குபோட்டுக்கொண்டு, ஓய்வுக்குப் பிறகு ஒரே வியாதியையும் பங்குபோட்டுக்கொண்ட தோழி.

நான் போய்ச் சேரும் முன்பே முற்றத்தில் பேச்சு தொடங்கிவிட்டது. "இவ்வளவு கட்டுப்பாடா இருந்து என்ன பிரயோஜனம்? போயிட்டாளே" என்றாள் ஒருத்தி. நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நேசபாயின் அக்காவை நினைத்துப் பாருங்கள். காலில் முள் ஏறியது அந்த அம்மாவுக்குத் தெரியவேயில்லை. சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியைத் தின்றிருந்தது. புண்ணானதும் மஞ்சளை வைத்துக் கட்டி, யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். முதலில் ஒரு விரல் போனது, பிறகு பாதம், பிறகு ஆளே போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் நேசபாய் அழவில்லை. "பத்து வெரலோட வந்தேன். பத்து வெரலோடதான் போவேன், பாத்துக்க" என்றாள். அவளுக்கும் அப்போது சர்க்கரை வந்து சில வருஷம் ஆகியிருந்தது.

அதன் பிறகு அவள் வெறுங்காலில் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்புதான், அடுக்களையிலும் அதுதான். தினமும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பாள். நான் சிரித்தால், "ஒனக்க மூஞ்சியை இனி யாரு பாக்கப் போறா? காலைப் பாரு" என்பாள்.

நம் ஆலயத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். அவள் ஆலயத்துக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கி, பையில் கொண்டுவந்து, படியில் மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கே ஊர் இரண்டுபட்டது. சபைச் செயலாளர் எங்களிடம் படித்தவன்தான். எல்லாரும் ஒரு மாதிரி பேசுகிறார்கள், சாமி இருக்கும் இடமல்லவா என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். நேசபாய் குரலை உயர்த்தவில்லை. "மக்கா, கர்த்தருக்கு நான் செருப்போட வந்தாப் பிடிக்காதா, காலு இல்லாம வந்தாப் பிடிக்காதா? ஜெபம் பண்ணிக் கேட்டுச் சொல்லு" என்றாள். பதில் இன்றுவரை வரவில்லை.

அப்போதும் நான் வாசலில் கழற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஊர் வாய்க்குப் பயம். ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகை அசன விருந்தில், உச்சி வெயிலில், ஆலய முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று சாம்பார் பரிமாறினேன். சூடு தெரியவில்லை. எனக்குக் கால் பலமாக இருக்கிறது என்று பெருமை வேறு. சாப்பிட்டுக்கொண்டிருந்த நேசபாய் என் நடையைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, இஞ்ச வா. காலைக் காட்டு" என்றாள். அத்தனை பேர் நடுவில் எப்படிக் காட்டுவது, சேலையை இழுத்து மூடினேன். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். கை கழுவிய ஈரம் காயுமுன் ஆட்டோ பிடித்தாள். இரண்டு நாள் பொறுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

புண் ஆறும்வரை அவள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மாத்திரை போட்டியா, சுகர் பாத்தியா, கட்டு நனைஞ்சுதா என்று கேட்டே உயிரை வாங்கினாள். கல்யாண வீட்டில் எனக்கு அடைப்பிரதமன் பாயசம் ஊற்ற வந்தவரை அவள் பார்த்த பார்வையில், மனிதர் வாளியோடு அடுத்த பந்திக்கே போய்விட்டார்.

அந்தக் காலோடுதான், அவள் இறந்த அன்று, அவளைக் குளிப்பாட்டி உடுத்தும் அறைக்குள் போனேன். மருமகள் வெள்ளை சாக்ஸை எடுத்தாள். கொஞ்சம் பொறு என்றேன். முற்றத்தில் பேசியவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெடிப்பில்லாத குதிகால், நேராக வெட்டிய நகம், பத்து விரலும் முழுசாக. "பிரயோஜனம் என்னண்ணு கேட்டியே, பாத்துக்க" என்றேன். நேசபாய்க்கு வயது எழுபத்தெட்டு. கடைசி நாள்வரை அவளை யாரும் தூக்கிவிடவில்லை, மலம் அள்ளவில்லை. மாரடைப்பு வந்ததால் அவள் தோற்றாள் என்று சொல்பவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

சவப்பெட்டி உள்ளே போனபோது ஆலய வாசலில் செயலாளர் நின்றான். போன வருஷம் அவனுக்கும் சர்க்கரை வந்துவிட்டது. காலில் அதே எம்.சி.ஆர். செருப்பு. கழற்றவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான்.

"ஏலே, போட்டுட்டு உள்ள வா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது நேசபாயின் அதட்டல். அவள் விட்டுப்போனதில் அதைத்தான் நான் வைத்துக்கொண்டேன். என் நாள் வரும்போது, சாக்ஸ் மாட்டுமுன் ஊர் என் காலையும் பார்த்துக்கொள்ளட்டும்.