தாத்தா ஓடிவந்தவர் இல்லை

அம்மாவைப் பெற்ற தாத்தா அயர்லாந்துக்காரர். கும்பினிப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, காலில் குண்டுபட்டு, பாட்டியின் ஊரான கம்பம் பக்கத்துக்கே வந்து சேர்ந்து, நான் பிறப்பதற்கு முன்பே மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தில் அடங்கிவிட்டவர். அவர் விட்டுப்போன சொத்து ஒரு வெள்ளிப் பதக்கமும் என் மாமாவின் செம்பட்டை முடியும்தான்.

அந்த முடிதான் வம்பை இழுத்து வந்தது. மலையில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். மாமா அங்கே கொத்தனார். ஒருநாள் அவருடைய தலைப்பாகை அவிழ்ந்து கிடந்தபோது வெள்ளைக்கார ஓவர்சியர் ஒருவன், இந்த முடி உனக்கு எப்படி வந்தது என்று கேட்டான். மாமா பெருமையாகத் தன் அப்பாவின் பட்டாளத்துக் கதையைச் சொன்னார். ஓவர்சியர் சிரித்தான். இந்தக் காட்டுக்குள் வந்து குடியிருக்கிறவன் பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவனாகத்தான் இருப்பான், பதக்கத்தை ஏதாவது சந்தையில் வாங்கியிருப்பான் என்றான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து மாமாவுக்கு ‘ஓடுகாலி மகன்’ என்று பேராகிவிட்டது.

மாமா சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டார். அம்மா அப்படிப் படுக்கிற ஆள் இல்லை.

“செத்த மனுசனை ஓடிவந்தவன்னு சொல்ல அவன் யாரு? சாகுற வரைக்கும் நொண்டிக்கிட்டுத் திரிஞ்சவுக எங்கன அண்ணே ஓடுவாக?”

பதக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, என் கையைப் பிடித்து இழுத்தபடி மலையடிவாரத்து முகாமுக்கு நடந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மாமாவும் பின்னால் வந்தார். அங்கே ஓவர்சியருக்கு மேலே ஒரு துரை இருந்தார். அவரும் பட்டாளத்துக்காரர்தான். பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருந்த தாத்தாவின் பேரையும் படைப்பிரிவையும் எழுதிக்கொண்டார். பழைய பட்டாளத்துப் பதிவேடுகள் சீமையில் இருக்கின்றன, எழுதிக் கேட்கிறேன் என்று தன் ரைட்டர் மூலமாகச் சொன்னார்.

ஒரு மழைக்காலம் முழுதும் போன பிறகு துரை ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார். துரை ஒரு தாளைப் பார்த்துப் படிக்க, ரைட்டர் அதைத் தமிழில் சொன்னார். நீலக் கண். செம்பட்டை முடி. நெற்றியில் அம்மைத் தழும்பு. பட்டாளத்தில் சேருமுன் உழவு வேலை. பர்மா சண்டையில் இடது தொடையில் குண்டுக் காயம். நடத்தை நன்று. இனிச் சண்டைக்கு உதவார் என்று முறைப்படி விடுவிக்கப்பட்டார். மாமா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். துரை ஓவர்சியரை வரவழைத்தார். அவன் தொப்பியைக் கழற்றி, முகம் சிவக்க என்னவோ முணுமுணுத்துவிட்டுப் போனான்.

“அம்புட்டுத்தானா?” என்றாள் அம்மா.

ரைட்டர் தயங்கினார். “கல்யாணம் ஆகாதவர்னு போட்டிருக்கும்மா. பொண்டாட்டி, பிள்ளை கிடையாதாம்.”

“யாருக்கு? திருச்சினாப்பள்ளிக் கோவில்ல சாமியார் முன்னாடி எங்க ஆத்தாளுக்குத் தாலி கட்டுனாக. இந்தா நிக்கிறாகளே எங்கண்ணன், இவுக பொறந்ததே பட்டாளத்து லைன்லதான்!”

துரை பொறுமையாகவே விளக்கினார். கர்னலின் அனுமதி இல்லாமல் ஒரு சிப்பாய் இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டால், பட்டாளத்துக் கணக்கில் அது கல்யாணம் இல்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று சொல்வதுபோல, யார்மேலும் கோபமில்லாமல் சொன்னார்.

அம்மாவின் குரல் முகாம் முழுக்கக் கேட்டது. “அவுக தொடையில பாஞ்ச குண்டு தெரிஞ்சிருக்கு. நெத்தித் தழும்பு தெரிஞ்சிருக்கு. அந்தக் காலுக்குப் பச்சிலை வச்சுக் கட்டுன எங்க ஆத்தா மட்டும் கண்ணுக்குத் தெரியலையாக்கும்? எழுதச் சொல்லுங்க. இந்தத் தாள்லயே இப்பவே எழுதச் சொல்லுங்க!”

முடிந்துபோன பதிவைத் திருத்த முடியாது என்று துரை தலையை ஆட்டினார்.

“அப்ப இது எங்க அப்பாவைப் பத்தின தாளு இல்லை” என்று அதை மேசையிலேயே விட்டுவிட்டு அம்மா நடந்தாள். மாமா அதை அவசரமாக எடுத்து மடித்துக்கொண்டார்.

வழியில் மாமா கெஞ்சுகிற குரலில் சொன்னார்: “ஓடுகாலிங்கிற பேச்சு நின்னுச்சே தங்கச்சி, அது போதாதா?”

“அப்பாவுக்கு நின்னுச்சு. ஆத்தாளுக்கு இன்னைக்கு ஆரம்பிச்சிருச்சுண்ணே.”

என்னைப் பொறுத்தவரை அன்று நாங்கள் ஜெயித்துவிட்டோம். வாய்க்கால் தண்ணீரில் முகத்தைப் பார்த்து, என் கண்ணில் எங்காவது நீலம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தேன்.

மாமா அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டு முன்னறையில் மாட்டினார். கூட வேலை செய்தவர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஓடுகாலி மகன் என்று அதன்பிறகு ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் பலகாரத்தோடு அங்கே போகத்தான் செய்தாள். ஆனால் கொல்லை வழியாக நுழைந்து, அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்து, அதே வழியாகத் திரும்பிவிடுவாள். மாமா எவ்வளவு கூப்பிட்டும் முன்னறையில் கால் வைக்கவில்லை. அத்தைக்கும் அவளுக்கும் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.