இத்தாலியம்மா கொடுத்த உப்புக் கோப்பி

நாற்பத்தொரு வயதில் நான் இத்தாலி பாஷை படிக்கப் போனேன். தமிழையே எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் கேட்டார்கள். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அவர்களா எனக்குச் சோறு போடப் போகிறார்கள்?

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நான் பதினைந்து வருடம் கோக்கியாக இருந்தேன். சமையல்காரனை எங்கள் பக்கம் கோக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது துரைக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். அறுபதுகளின் நடுவில் தோட்டம் கைமாறியது. துரை இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் சீமைக்குப் போகிறார், புதிதாக வருகிறவர் கொழும்பிலிருந்து தன் சமையல்காரனையும் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றார்கள். துரை புறப்பட்ட மறுநாள் பங்களாவுக்குப் பின்னால் இருந்த எங்கள் அறையைக் காலி செய்துவிட்டு, நான் கவ்வாத்து வெட்டப் போக வேண்டும் என்று கிளாக்கர் சொல்லி அனுப்பினார். கவ்வாத்து என்றால் சரிவில் நாள் முழுக்கக் குனிந்து நின்று தேயிலைச் செடியைக் கத்தியால் தறிக்கிற வேலை.

என் மனைவி கொழுந்து பறிக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். "கவலைப்படாதீங்க. கத்தி புடிச்ச கைதானே? வெங்காயத்துக்குப் பதிலா தேயிலைச் செடி, அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். என் முதுகைப் பற்றி அவளுக்குத் தெரியும். வருடக்கணக்காக அடுப்பு முன்னால் நின்று விறைத்துப்போன முதுகு, மலையில் ஒரு மாதம் தாங்காது.

அந்தச் சமயத்தில்தான் நோர்வூட் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், என்னைக் கூப்பிட்டார்.

"கோக்கி, ஒரு வேல இருக்கு. பொல்பிட்டியப் பக்கம் கரண்டு எடுக்க மலையக் கொடையிறாங்கல்ல, அங்க இத்தாலிக்காரங்க பன்னெண்டு பேர் வந்திருக்காங்க. கேம்புக்கு நான்தான் சாமான் அனுப்புறேன். மூணு கோக்கிங்கள ஏற்கெனவே வெரட்டிட்டாங்க. இனிமே பாஷை தெரிஞ்ச ஆளாப் பாத்து அனுப்புன்னு கேம்ப நடத்துற பெரியவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. குடும்பத்தோட இருக்க ரூமும் உண்டு."

"எனக்கு இங்கிலீஷே யெஸ் சார், வெரி குட் சார்தான் நானா. இத்தாலிக்கு நான் எங்க போவேன்?"

"அட்டன் மாதா கோயில் சாமியாரு இத்தாலிக்காரருதானே? போய்ப் படிங்க. ரெண்டு மாசம் நான் இழுத்துப் புடிக்கிறேன்."

புதனும் ஞாயிறும் பிற்பகல் துரை கிளப்புக்குப் போவார். அந்த நேரத்தில் நான் பஸ் பிடித்து அட்டனுக்குப் போனேன். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். சாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் இந்த மலைக்கு வந்து முப்பது வருடம் ஆகியிருந்ததால் அவருக்கு என்னைவிட நன்றாகத் தமிழ் வந்தது, இத்தாலி துருப்பிடித்துப் போயிருந்தது. "அமர்வாய் மகனே" என்பார். மிளகுக்கு இத்தாலியில் என்ன என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார். கையில் இருந்த ஒரே இத்தாலிப் புத்தகம் ஜெபப் புத்தகம். ஆகவே அதிலிருந்தே ஆரம்பித்தோம். நான்கு வாரத்தில், நான் பெரும் பாவி, என்னை மன்னியும் என்று தலைகீழாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். சமையல்காரனுக்கு அதுவும் ஒரு நாள் உதவும்தான். ஆனால் உப்புப் போத்தல் எங்கே என்று கேட்பது எப்படி?

குற்றம் சாமியார் மேல் மட்டும் இல்லை. "புரிந்ததா மகனே?" என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் "புரிஞ்சுதுங்க சாமி" என்றேன். ஒரு மண்ணும் புரியவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் முகத்தைப் பார்த்துப் புரியவில்லை என்று சொல்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஒரு நாள் அவர் இத்தாலியில் என்னமோ கேட்டார். ஆமாங்க சாமி என்றேன். மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார். நீ ஓர் ஆடா என்று கேட்டாராம்.

"மகனே, உனக்கு ஏற்ற ஆசிரியை இவ்வூரில் ஒருத்தி இருக்கிறாள். அவள் முன் வாய் திறக்க நானே அஞ்சுவேன்" என்றார்.

அவள் சுரங்கத்தில் வேலை செய்த இத்தாலி மேஸ்திரி ஒருவரின் பெண்சாதி. கேம்பில் வெடிச் சத்தம் தாங்காமல் அட்டனில் வீடு எடுத்துத் தனியாக இருந்தாள். ஐம்பது வயது, கறுப்புக் கவுன், நல்ல கனத்த சரீரம். தமிழ் தெரியாது, சிங்களம் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. சந்தையில் கத்தரிக்காய்க்காரனோடு அவள் இத்தாலியில் சண்டை போடுவாள், அவன் தமிழில் போடுவான், இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு பிரிவார்கள். அவளைச் சிஞ்ஞோரா என்று கூப்பிட வேண்டும் என்று சாமியார் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டில் அவளுக்கு இத்தாலியம்மா என்று பெயர்.

முதல் நாள் சாமான்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்துப் பெயர் சொன்னாள். பாண் ரொட்டிக்குப் பானே என்றாள். நாங்கள் குசினி என்கிற சமையலறைக்குக் குச்சீனா என்றாள். அட, இது நமக்குச் சொந்தக்கார பாஷைதான் போலிருக்கிறது என்று எனக்குத் தைரியம் வந்தது. உப்பு சாலே. சீனி ட்சூக்கெரோ. எல்லாம் சொல்லி முடித்து, உப்பு டின்னைத் தூக்கிக் காட்டி, "ட்சூக்கெரோ?" என்று கேட்டாள்.

அது உப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கிறது துரைசானி. துரைசானி காக்கையைக் கொக்கு என்றால், இன்றைக்கு நன்றாக வெளுத்திருக்கிறதுங்க அம்மா என்பதுதான் பங்களா மரியாதை. "ஆமாங்க சிஞ்ஞோரா" என்று குனிந்து அவள் பாஷையில் சொன்னேன். அவள் ஒரு கோப்பை கோப்பியில் இரண்டு கரண்டி அதைப் போட்டுக் கலக்கி என் கையில் கொடுத்தாள். முழுக்கக் குடித்தேன். குடித்துவிட்டு நன்றி வேறு சொன்னேன்.

அடுத்த பாடத்தில், அப்போதுதான் அடுப்பில் வைத்த அரிசியைக் காட்டி வெந்துவிட்டதா என்று கேட்டாள். வெந்துவிட்டதுங்க சிஞ்ஞோரா. ஒரு தட்டு நிறைய அள்ளி வைத்தாள். கடக்குக் கடக்கென்று மென்று தின்றேன். எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, கடைசிப் பருக்கை வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க எனக்கு வயிறு கடமுடா.

"பாஷை படிக்கப் போறீங்களா, பேதி வாங்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி.

மூன்றாவது பாடத்திலும் உப்புக் கோப்பி. நான்காவதில் உரிக்காத வெங்காயம். அன்று சிஞ்ஞோராவுக்குப் பொறுமை போய்விட்டது. அகப்பையால் மேசையில் ஓங்கி அடித்தாள். "நோ! நோ! நோ!" என்று தன் வாயைக் காட்டினாள், பிறகு என் வாயைக் காட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, சரிங்க சிஞ்ஞோரா என்றேன். அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வராத குறை. முன்பு ஒரு தடவை நான் சொன்ன யெஸ் சார் ஞாபகத்துக்கு வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால், என் அப்பா கீழ் லயத்தில் செத்துக் கிடந்தார். பங்களாவில் அன்றைக்குப் பன்னிரண்டு பேருக்கு விருந்து. துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் பாவப்பட்டார், இல்லை என்று சொல்லமாட்டேன். "அப்பா செத்தது ரொம்ப வருத்தம், கோக்கி. சமைச்சு வெச்சிட்டுப் போ, சரிதானே?" என்றார். யெஸ் சார் என்றேன். சமைத்து வைத்தேன். புட்டிங் இறுகக் காத்திருந்து அதையும் வைத்துவிட்டு ஓடினேன். மழை வந்துவிடும் என்று லயத்துச் சனங்கள் அதற்குள் புதைத்துவிட்டார்கள். மூத்த மகன் நான், ஒரு பிடி மண் போடவில்லை. துரையைக் குறை சொல்லி என்ன? கேள்விதான் கேட்டார். பதில் சொன்னது நான்.

நானா கொடுத்த தவணையில் இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி. அன்றைக்குப் போனபோது, உன் ஊர்ச் சமையல் ஒன்று செய் என்று சிஞ்ஞோரா கையால் காட்டினாள். ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்தேன். அம்மியில் அரைத்த மசாலா, நிதானமாக எரிந்த அடுப்பு, உப்பு நாக்கில் வைத்த மாதிரி சரியாக இருந்தது. பாடம் எப்படித்தான் நடக்கிறது என்று பார்க்க என் மனைவியும் கூடவே வந்து, பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சிஞ்ஞோரா வந்தாள், மூடியைத் திறந்தாள், உப்பு டின்னில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். முகத்தைப் பார்த்தால் சிரிப்பில்லை. நிஜமாகவே போடப் போகிறாள்!

"நோ!" என்று கத்தினேன். கத்தியது நான்தானா என்று திரும்பிப் பார்த்தேன். கை வேறு அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அவள் உப்பைக் கீழே போட்டுவிட்டு, என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இந்தக் கன்னத்தில் ஒன்றும் அந்தக் கன்னத்தில் ஒன்றுமாக முத்தம் கொடுத்தாள். பின்வாசலில் ஒரு செருமல் கேட்டது.

"ஓஹோ! இந்தப் பாடத்துக்குத்தான் ரெண்டு பஸ் ஏறி வர்றீங்களா?"

"ஐயோ புள்ள, நான் ஒண்ணும் பண்ணல, நோன்னு மட்டுந்தான் சொன்னேன்!"

"நல்லாத்தான் சொன்னீங்க!" என்றாள். சிஞ்ஞோரா அவளையும் இழுத்து இரண்டு கன்னத்திலும் கொடுத்தாள். அதோடு வழக்குத் தள்ளுபடி.

அதற்குப் பிறகு பாஷை மடை திறந்தது. மறுத்துப் பேச ஒரு ஆள் கிடைத்தால் யாருக்கும் வாய் வரும் போலிருக்கிறது. உப்பு கூடிவிட்டது, தண்ணி குறைந்துவிட்டது, மூடியைத் தொட்டது யார், அடுப்பை அணைத்தது யார் என்று இரண்டு வாரமும் அவளோடு சண்டைதான். சண்டையில் படித்த எதுவும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. சாமியார் சொல்லிக் கொடுத்ததில் பெரும் பாவி மட்டும்தான் மிச்சம்.

கேம்பில் ஒரு நாள் சமைத்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டு பேருக்குப் பகல் சாப்பாடு. தக்காளிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் குசினிக்குள் வந்தார். ஆறடி ஆள், கதவையே மறைத்தார். மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார், பக்கத்தில் இருந்த உப்பில் கையை விட்டார். மூன்று கோக்கிகளும் வீட்டுக்குப் போனது எப்படி என்று அந்தக் கணத்தில் புரிந்தது. இவர் உப்பு அள்ளிப் போடுவார், அவர்கள் யெஸ் சார் என்பார்கள், பிறகு மேசையில் உட்கார்ந்து, உப்புக் கரிக்கிறது என்று இவரே அவர்களை விரட்டுவார். சிஞ்ஞோராவுக்கு இதெல்லாம் புருஷன் மூலம் முன்னமே தெரியும். சிறுக்கி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யெஸ் சார் என் தொண்டைவரை வந்தது. பதினைந்து வருடப் பழக்கம் அல்லவா. என் முதுகு ஞாபகம் வந்தது, மூக்கைச் சிந்தின மனைவி ஞாபகம் வந்தாள். அகப்பையால் மேசையில் ஓங்கி ஒரு அடி.

"நோ!" என்றேன். "ஃபுவோரி தால்லா மியா குச்சீனா!" என் குசினியை விட்டு வெளியே போ என்று அர்த்தம். கூடவே அகப்பையால் வாசலையும் காட்டினேன்.

பெரியவர் கை உப்போடு அந்தரத்தில் நின்றது. செத்தேன் என்று நினைத்தேன். அவர் உப்பை மெதுவாகத் திரும்பப் போட்டார், கையைத் தட்டிக்கொண்டார், வெளியே போனார். சாப்பிட்டு முடித்து வெற்றுத் தட்டோடு அவரே வந்து, உனக்குப் பாஷை சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டார். சொன்னேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, கூட வந்த சிஞ்ஞோராவின் புருஷனைப் பார்த்து, "பாவம்டா நீ" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு வந்து சேர வேண்டும், ஒரு நாள் தப்பினாலும் வேறு ஆள் பார்த்துவிடுவேன் என்றார்.

புதன்கிழமை துரையிடம் சொல்லப் போனேன். வராந்தாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார்.

"நல்லது, கோக்கி. ஆனா சனிக்கிழமை ராத்திரி எனக்கு கடைசி விருந்து. இருபது பேர் வாறது. சமைச்சு வெச்சிட்டுப் போ, சரிதானே?"

அதே வார்த்தை. அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது.

"நோ, சார்" என்றேன். "சனிக்கிழம காலையில நான் அங்க இருக்கணுங்க தொரை."

துரை பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். அலமாரி பேசியதுபோல இருந்திருக்கும் அவருக்கு. "ஓ" என்றார். "ரைட், கோக்கி. கிளப்ல சொல்லிக்கிறேன்" என்றுவிட்டு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அறைக்கு வந்தேன். மனைவி சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னாரு?"

"ஓன்னாரு. கிளப்ல சொல்லிக்கிறேன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் சாக்கின் வாயை முடிந்தாள். முடிச்சை இறுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "அப்ப மாமா செத்தன்னைக்கும் இதச் சொல்லியிருக்கலாம்லங்க?"

"சொல்லியிருக்கலாம் புள்ள" என்றேன். இத்தாலியில் நோ, இங்கிலீஷிலும் அதே நோதான். பங்களாவுக்கு வந்த முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரிந்த சொல். கட்டி வைத்த சாக்கின் மேலேயே உட்கார்ந்து, ஏழு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன அப்பாவுக்காக அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.